காடிங் ஒட்டிக் கொடுத்த உறை

1

இந்தக் கதை எனக்கு ஓர் உறையிலிருந்து வந்தது. பழுப்பு உறை. மூலையில் ‘ஒன்பதாம் வகுப்பு, கணிதம், காலாண்டு’ என்று எழுதி அதன் மேல் ஒரு கோடு இழுத்திருக்கும். எழுதியவனும் நான்தான், கோடு இழுத்தவனும் நான்தான். உள்ளே ஒரு சதுரங்க ஆட்டத்தின் இரண்டு தாள்கள். அதில் ஒரு தாளில், இன்னும் ஆடப்படாத ஒரே ஒரு நகர்த்தல். மறுநாள் காலை வரைக்கும் அந்த உறை எங்கள் வீட்டு அரிசி டப்பாவில் இருந்தது. என் மனைவி டப்பாவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்று எங்கள் வீட்டில் சோறு இல்லை, ரொட்டிதான்.

நான் யார் என்று கேட்பீர்கள். மருத்துவம் படிக்கக் கடல் தாண்டி இலோயிலோ நகரத்துக்கு வந்து, முதல் பிணத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, இருபத்திரண்டு வருடமாக சான் ப்ளாஸ் என்ற பக்கத்து ஊரில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். ஊரில் சதுரங்க விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் திருவிழாப் போட்டிக்கு வருடா வருடம் நானே நடுவர். ஆடத் தெரியுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காததற்கு நன்றி.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

‘மழை பெய்துகொண்டிருந்தது.’ பெய்யவில்லை. நல்ல வெயில். அடிக்கவும்.

‘வாழ்க்கையும் ஒரு சதுரங்கப் பலகை என்று —’ மன்னிக்கவும். இதை எழுதிய கைக்கு அன்று சாயங்காலம் வரை பேனா கொடுக்கவில்லை.

‘லுட்கார்தா பானிஸாலெஸ், வயது ஐம்பத்தொன்று, சந்தையில் பாட்சோய் சூப் கடை வைத்திருப்பவள், பதினோரு வருடமாக இரண்டாவதாக வந்துகொண்டிருக்கிறாள்.’

இது போதும். இதிலேயே எல்லாம் இருக்கிறது. ஊர்த் திருவிழாப் போட்டியில் முதலாவதாக வருகிறவர், மாகாணப் போட்டிக்கு ஊர் சார்பில் ஆடப் போவார். ஊருக்கு ஒரே நாற்காலி. இரண்டாவதாக வருகிறவர் ‘மாற்று ஆள்’. மாற்று ஆளுக்கு என்ன வேலை என்று விதிப் புத்தகம் சொல்லவில்லை, ஆனால் சான் ப்ளாஸுக்குத் தெரியும். பதினோரு வருடமாக லுட்கார்தா, ஊருக்கு காடிங், மாகாணப் போட்டிக்குப் போய் சமைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆடியவர் பதினோரு வருடமும் ஒருவரே. பரங்காய் தலைவர், அதாவது எங்கள் ஊராட்சியின் ‘கேப்டன்’, கேப் தியோபிஸ்தோ கட்டால்பாஸ்.

(நேரில் அவளை ‘நாங் காடிங்’ என்பேன், அக்கா என்ற முறையில். கதையில் அவள் என்றே எழுதுகிறேன், கதைக்குள் எல்லோரும் எனக்குச் சின்னவர்கள்தான். கேப்புக்கு மட்டும் அவர், இவர். அக்டோபரில் தேர்தல், நான் இன்னும் அந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்.)

3

அவள் ஆட்டத்தைத் தொடங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். சதுரங்கம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அங்கே உங்களுக்காக நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

உலகத்தில் பாதிப் பேர் நடுவில் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித்தான் ஆரம்பிப்பார்கள். நடுவைப் பிடித்தவன் ஊரைப் பிடித்தவன் என்ற எண்ணம். காடிங் நடுவைத் தொடமாட்டாள். ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவாள். அது விட்டுப்போன இடத்தில் பிஷப்பைக் கொண்டுவந்து உட்கார வைப்பாள். அந்த பிஷப் அங்கிருந்து மூலைவாட்டில், பலகையின் எதிர்முனையில் இருக்கும் எதிராளியின் ராஜா வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் எதிராளி என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் ஓரத்திலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பாள்.

ஏன் இப்படி ஆடுகிறாள்? இங்கே கதாசிரியனுக்குக் கை அரிக்கிறது. ‘சிறுவயதில் அவளை யாரும் நடுவில் உட்காரவிட்டதில்லை’ என்று எழுதி, நானே படித்துப் பார்த்து, நானே வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. கடையில் இருக்கும் சதுரங்கப் பெட்டியில் வெள்ளை ராஜாவின் சிப்பாய் தொலைந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதன் இடத்தில் ஒரு சோடா மூடி நிற்கிறது. முதல் நகர்த்தலிலேயே சோடா மூடியை முன்னால் தள்ளினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார். அதனால் ஓரத்துக்குப் போனாள். ஜெயித்தாள். அங்கேயே தங்கிவிட்டாள்.

இதற்கு கேப் வைத்த பெயர் சமையற்கட்டு வாசல். ஒவ்வொரு வருடமும் அவள் அந்தச் சிப்பாயைத் தொட்டதும் அவர் பின்னால் திரும்பி, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, “பாருங்க, இண்டாய் மறுபடியும் சமையற்கட்டு வாசல் வழியாத்தான் வர்றா,” என்பார். இண்டாய் என்றால் சின்னப் பெண். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒரு வருடம் சிரித்தேன். அதை எந்த வரைவிலும் எழுதாமல் இருந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

4

கடைசிச் சுற்று. கேப் அரைப் புள்ளி முன்னால் இருந்தார். அவருக்கு டிரா ஆனாலே நாற்காலி. காடிங்குக்கு ஜெயித்தால் மட்டும்தான் நாற்காலி. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம், கூரை போட்ட பாஸ்கெட்பால் மைதானம். ஊரில் நிழலான பெரிய இடம் அது ஒன்றுதான். கல்யாணமும் அங்கேதான், தடுப்பூசியும் அங்கேதான். பதினோரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. காடிங் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். கேப் திரும்பிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவள் தாளில் எழுதிக்கொண்டாள்.

இந்த எழுதுவதில்தான் வந்தது தொல்லை. விதி என்னவென்றால், முதலில் காயை நகர்த்த வேண்டும், அப்புறம்தான் தாளில் எழுத வேண்டும். எழுதிவிட்டு நகர்த்தக்கூடாது. காடிங்கோ கடைக்காரி. முப்பது வருடமாக முதலில் சீட்டில் எழுதுவாள், அப்புறம்தான் கரண்டியைத் தொடுவாள். ‘இரண்டு ஸ்பெஷல், எலும்பு மஜ்ஜை தூக்கலா’ என்று எழுதாமல் அவள் கை பானைப் பக்கம் போகாது. பதினான்காவது நகர்த்தலில் அவள் முதலில் எழுதினாள். நான் எச்சரித்தேன். இருபத்தாறில் மறுபடி. மறுபடி எச்சரித்தேன்.

“மூணாவது தடவைன்னா ஆட்டம் போயிடுமா, சார்?” என்று கேப் என்னிடம் அக்கறையாக விசாரித்தார்.

போகலாம், நடுவர் மனம் வைத்தால். அதன் பிறகு காடிங் இடது கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டு வலது கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். காய் நகர்த்தவும், நகர்த்திய பின் எழுதவும் மட்டும் அந்தக் கையை வெளியே எடுத்தாள். அந்த வயதில் ஒருத்தி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. எச்சரித்தவன் நான்தானே.

(வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கதை எழுதும் என் இன்னொரு தொழிலிலும் நான் செய்வது அதே குற்றம்தான். நடப்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். என்னை எச்சரிக்க எந்த நடுவரும் இல்லை.)

மூன்று மணிக்கு பாஸ்கெட்பால்காரர்கள் வந்தார்கள். அன்று அவர்களுக்கு இறுதி ஆட்டம். பத்துப் பேர், பனியனும் பெரிய செருப்பும், ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டே. கேப்பின் மைத்துனன்தான் ஒரு அணிக்குத் தலைவன், ஆனாலும் மச்சான் ஆடுகிறார் என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. இந்தத் தீவில் பாஸ்கெட்பாலுக்காக இறுதிச் சடங்கையே தள்ளிவைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு நகர்த்தல் முடிந்திருந்தது, அடுத்தது காடிங்கின் முறை. கடிகாரத்தை நிறுத்தினேன்.

5

நான் படித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் பாதியில் நின்றால், அடுத்து ஆட வேண்டியவர் தன் நகர்த்தலைப் பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. மறுநாள் உறையைத் திறந்து, அந்த நகர்த்தலைப் பலகையில் வைத்து, ஆட்டம் தொடரும். யாரும் இப்போது செய்வதில்லை. எனக்கு ஒருமுறையாவது செய்து பார்க்க ஆசை. செய்தேன்.

அதாவது, சதுரங்கச் சட்டம் காடிங்கைப் பார்த்து முதல் முறையாக, ‘முதலில் எழுது, அப்புறம் நகர்த்து’ என்றது. அவள் கையை அடியிலிருந்து எடுத்தாள். பலகையைப் பார்த்தாள். பக்கத்தில் பந்து தரையில் மோதும் சத்தம். அவளுடைய பிஷப் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்து ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொரு நிமிடம் யோசித்தாள், வருடத்துக்கு ஒன்று என்று நான் —

(இல்லை. பதின்மூன்று நிமிடம். பதினொன்று அழகாக இருக்கிறது என்பதற்காக எழுதினேன்.)

எழுதினாள். கேப்பின் தாளோடு சேர்த்து மடித்தாள். உறையின் வாயை நாக்கால் ஈரப்படுத்தாமல் சூப்புக் கரண்டி பிடிக்கும் கட்டை விரலால் தண்ணீர் தொட்டு ஒட்டினாள். இருவரும் ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டார்கள். கேப்பின் கையெழுத்து வழக்கம்போலப் பெரியது, அவளுடைய பெயரின் பாதியை மூடிவிட்டது.

6

சாயங்காலம் ஊரே அவள் கடையில் இருந்தது. சோடா மூடிப் பலகையில் அதே நிலையை அடுக்கி வைத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவள் சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கக்கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். அதனால் எல்லோரும் அவளுக்குக் கேட்கிற மாதிரி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ஆறு மணி சுமாருக்கு மீன் சந்தைக்காரி ஒருத்தி, தராசுத் தட்டைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து, “குதிரையத் தூக்கி எஃப் ஆறுல வைங்களேன்,” என்றாள். வைத்தார்கள். எஃப் ஆறு என்ற கட்டம், அந்த பிஷப் பார்த்துக்கொண்டிருந்த மூலைவாட்டுக் கோட்டிலேயே இருக்கிறது. குதிரையை வெட்டினால் பிஷப் வருகிறது, வெட்டாவிட்டால் யானை வருகிறது. எப்படிப் பார்த்தாலும் நாலாவது நகர்த்தலில் கேப்பின் ராஜா தொலைந்தான்.

கேப் அப்போது அங்கேதான் பாட்சோய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பார்த்தார். குதிரையைப் பழைய இடத்தில் வைத்தார், மறுபடி எஃப் ஆறில் வைத்துப் பார்த்தார். பாதிக் கிண்ணம் சூப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பதினோரு வருடத்தில் அவர் மிச்சம் வைத்த முதல் கிண்ணம்.

காடிங் கரண்டியோடு நின்றிருந்தாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் கிண்ணத்தை நீட்டி, மெதுவாகச் சொன்னாள்.

“சார், அந்தக் குதிரைய நான் பாக்கவே இல்ல.”

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

“அப்ப நீங்க எழுதினது?”

“வேற. அப்ப நல்லாத்தான் தெரிஞ்சுது. இப்பத் தெரியல.” பானையை மூடினாள். “மஜ்ஜை போட்டிருக்கேன், ஆறிடும்.”

அன்று அவள் என்ன யோசித்திருப்பாள் என்று இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மேல்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள் என்றெல்லாம். பிறகு அவளிடமே கேட்டேன். நன்றாகத் தூங்கினாளாம். ஒரு பக்கம் வீண்.

7

மறுநாள் காலை பூசை முடிந்து மைதானத்து மேடையில் மைக்கைப் பிடித்தார் கேப். நான் உறையோடு கீழே நின்றிருந்தேன், உறையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டு.

அவர் பேசியதை முழுதாக எழுதினால் கதை தாங்காது. சாலை, சாக்கடை, புனிதர் ப்ளாஸ், அவருடைய தாயார் எல்லாம் வந்தார்கள். கடைசியில், பதினோரு வருடம் ஊரின் பாரத்தைத் தான் சுமந்தாயிற்று, இனி நம் ஊர்ப் பெண்களுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா, ஆகவே தான் முழு மனதோடு அந்த நாற்காலியை இண்டாய் காடிங்குக்கு விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மேடையேறி அவருக்கு மாலை போட்டாள். காடிங்குக்கு இல்லை, அவருக்கு.

இங்கே ஒரு சுமாரான எழுத்தாளன் நிறுத்திக்கொள்வான். அவளுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. உறை பிரிக்கப்படாமலே இருந்துவிட்டது. அதற்குள் தப்பான நகர்த்தல் இருந்தால்கூட யாருக்கும் தெரியப் போவதில்லை. நானும் இங்கே முற்றுப்புள்ளி வைத்து, கீழே கோடு போட்டு, கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்து நன்றாகவே வந்திருக்கிறது.

அவள்தான் நிறுத்தவிடவில்லை.

8

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். திருவிழாச் சட்டை, காதில் பொட்டுக் கம்மல். மேடைக்கு ஏறவில்லை, நேரே என்னிடம் வந்தாள்.

“சார், கேப் தோத்தேன்னு சொன்னாரா?”

யோசித்துப் பார்த்தேன். விட்டுக்கொடுத்தேன் என்றார், வாய்ப்பு என்றார், பாரம் என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

“சொல்லலை,” என்றேன்.

“அப்ப ஆட்டம் முடியலை.”

விதிப் புத்தகம் அவள் பக்கம்தான். தோல்வியை ஒப்புக்கொண்டால் ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. நாற்காலியைத் தானமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அதில் எழுதவில்லை. கேப் மாலையோடு இறங்கி வந்தார். முகத்தில் இன்னும் மேடைச் சிரிப்பு இருந்தது.

“இண்டாய், என்ன இது? நாற்காலி உனக்குத்தான். ஊர் முன்னாடி குடுத்துட்டேன்.”

“குடுக்க வேணாம், கேப். தோத்தேன்னு சொல்லுங்க, போதும். உறையத் திறக்கச் சொல்ல மாட்டேன்.”

“நான் எங்க தோத்தேன்?”

“அப்ப உக்காருங்க.”

பாஸ்கெட்பால்காரர்கள்கூட பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவள் எஃப் ஆறில் குதிரையைத்தான் எழுதியிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் துணிச்சல் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே குதிரை இல்லை என்று தெரிந்தவர்கள் அந்த மைதானத்தில் இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் நான். அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், நாங், வேண்டாம், கிடைத்ததை வைத்துக்கொள்ளுங்கள், டிரா ஆனால்கூட மறுபடி பானையைத் தூக்க வேண்டியதுதான் என்றேன். நடுவர் அப்படிச் சொல்லக்கூடாது. சொன்னேன்.

“தெரியும் சார்,” என்றாள். “தோத்தா தோத்துட்டுப் போறேன். ஆனா தோத்தது நானா இருக்கணும். இவரு குடுத்து நான் அங்க போய் உக்காந்தா, அதுவும் சமையல்தான்.”

மேசையைப் போட்டோம். காய்களை நேற்று நின்ற இடங்களில் அடுக்கினேன். கேப் மாலையைக் கழற்ற மறந்து உட்கார்ந்தார். அவள் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். கடிகாரம் நின்றபடி இருந்தது. நான் உறையைக் கையில் எடுத்தேன்.

9

முடிவுகள். இதற்கும் மூன்று எழுதினேன்.

முதலாவதில், உறைக்குள் இருந்தது குதிரையைவிடச் சிறந்த நகர்த்தல். ஓரத்துச் சிப்பாய், முந்தின நாள் முதலில் நகர்ந்த அதே சிப்பாய், இன்னும் ஒரு கட்டம் போகிறது, அதைத் தடுக்க ஆளில்லை. ஊர் ஆர்ப்பரிக்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

இரண்டாவதில், அது படுமோசமான நகர்த்தல். கேப் சிரிக்கிறார். அவள் எழுந்து கை கொடுக்கிறாள். அந்த வருடமும் பானையோடு போகிறாள், ஆனால் நிமிர்ந்து போகிறாள் என்று எழுதினேன். ‘நிமிர்ந்து’ என்ற சொல்லை எழுதியதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்றாவதில் டிரா. அதைப் படித்து என் மனைவி, இதற்கு நீங்கள் பேசாமல் அரிசி டப்பாவைப் பற்றியே எழுதியிருக்கலாம் என்றாள்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், சான் ப்ளாஸுக்கே தெரியும். ஆனால் இந்தக் கதையை எழுதப் போகிறேன் என்று கடையில் அவளிடம் அனுமதி கேட்டபோது, கரண்டியை நிறுத்தாமலே ஒரு நிபந்தனை போட்டாள்.

“எழுதுங்க. ஆனா நீங்க என்னை ஜெயிக்க வைக்காதீங்க, சார்.”

“தோற்க வைக்கவா?”

“அதுவும் நீங்க யாரு வைக்க?”

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதி அவள் ஜெயித்தால், அது நடந்ததாகவே இருந்தாலும், நீங்கள் நம்பமாட்டீர்கள். எழுத்தாளர் நல்ல மனது வைத்துக் கொடுத்துவிட்டார் என்பீர்கள். மைக் மட்டும்தான் குறை, மற்றபடி நானும் கேப்பும் ஒன்று. மாலையும் எனக்குத்தான் விழும்.

ஆகவே இந்த ஒரு தடவை சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். நகர்த்துவதற்கு முன் எழுதுவதில்லை. பேனாவை மூடிவிட்டு, உறையை உங்கள் கையில் தருகிறேன்.

தருவதற்கு முன் ஒன்று. நீங்கள் நல்ல மனதுக்காரர், இவ்வளவு தூரம் படித்ததிலேயே தெரிகிறது. உங்களுக்கு இப்போது ஒரு யோசனை வந்திருக்கும். இதைத் திறக்காமலே வைத்துவிட்டால் என்ன, பாவம், நாற்காலி அவளுக்கே இருக்கட்டுமே என்று. அந்த யோசனை மேடையில் ஒருவருக்கு வந்து, அதைத்தான் அவர் செய்தார். அவள் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிறாள், கை இரண்டும் மேசைமேல் இருக்கிறது, கடிகாரத்தை நீங்கள்தான் ஓட விட வேண்டும்.

கத்தரிக்கோல் வேண்டாம். ஓரத்தைப் பிடித்துக் கிழித்தாலே வந்துவிடும்.